பாலசுந்தரத்தின் வக்கீல்

சிங்கப்பூருக்குப் போய்வரும் நம் தோட்டத்து மக்களுக்குச் சிராங்கூன் சாலையைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று காவடிகள் கிளம்புகிற பெருமாள் கோயில் எங்கே என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கை காட்டுவார்கள். அந்தக் கோயிலுக்கு அருகில்தான் ஃபேரர் பார்க் ரயில் நிலையம். 1933 வரை அந்த வட்டாரத்தில் குதிரைப் பந்தயம் நடந்தது. அதனால்தான் சாலைக்கு இன்றும் ரேஸ் கோர்ஸ் ரோடு என்று பெயர். அந்தச் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சின்னச் சந்தில், ரேஸ் கோர்ஸ் லேனில், மகாத்மா காந்தி நினைவு மண்டபம் இருக்கிறது. 1950-ல் பண்டித நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ல் திறந்தார்கள். தெருவில் போகிறவர்கள் பாதிப்பேர் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் அந்தப் பக்கம் போயிருந்தோம். ஞாயிறு என்றால் அங்கே கேட்கவே வேண்டாம். கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள் புல்வெளியெல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர், இடது கையில் கட்டுப் போட்டவர், மண்டபத்து வாசலில் நம்மிடம் பேச்சுக் கொடுத்தார். காந்தி இந்த ஊருக்கு வந்ததே இல்லையாமே, பிறகு எதுக்குங்க இந்தக் கட்டடம் என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். காந்தியடிகள் சிங்கப்பூருக்கோ மலாயாவுக்கோ வந்ததில்லை. இலங்கை மலைநாட்டுத் தோட்ட மக்களை மட்டும் 1927-ல் போய்ப் பார்த்தார். ஆனால் அவர் தேசத் தலைவராவதற்கு முன்னாலேயே தோட்டத்துத் தமிழனுக்கு வக்கீலாக இருந்தவர். உப்புச் சத்தியாக்கிரகம் தெரிந்த அளவுக்கு அந்தக் கதை நம்மவர்களுக்குத் தெரியவில்லை. இந்த வாரம் அதைச் சொல்கிறோம்.

பிறந்தது 1869 அக்டோபர் 2, குஜராத்தின் போர்பந்தரில். 1888-ல் லண்டன் போய், 1891-ல் பாரிஸ்டராகத் திரும்பினார். பாரிஸ்டர் என்றதும் கோர்ட்டில் இடி முழக்கம் செய்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். பம்பாயில் ஏற்ற முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றார், தலை சுற்றியது, வாய் எழவில்லை. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். பிறகு ராஜ்கோட்டில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். மனு எழுதுகிறவர்! நம் ஊர்த் தபாலாபீஸ் வாசலில் முன்பெல்லாம் மேசை போட்டிருந்தவர்களைப் போலத்தான். அந்தத் தொழில் பின்னால் எவ்வளவு பேருக்கு உதவப்போகிறது என்று அவருக்கே அன்று தெரியாது.

1893-ல் தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். ரயிலிலிருந்து இறக்கிவிட்ட சங்கதி எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். வழக்கை மத்தியஸ்தத்துக்குக் கொண்டுபோய் முடித்தார். தோற்றவர் ஏறக்குறைய 37,000 பவுன் கட்ட வேண்டியிருந்தது. ஒரே தடவையில் கட்டினால் அவர் குடும்பம் ஓட்டாண்டி. தவணையில் வாங்கிக்கொள்ளும்படி தம் கட்சிக்காரரையே சம்மதிக்க வைத்தார் காந்தி. ஜெயித்த பக்கத்து வக்கீல் தோற்றவனுக்காகத் தம் கட்சிக்காரரிடமே மன்றாடிய கதை இது.

இனி நம்மவர்கள் கதைக்கு வருவோம். 1860 நவம்பரில் துரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டால் நாட்டுத் துறைமுகமான டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்ட வேலை. 1911-ல் அது நிற்கும்வரை சுமார் 1,52,000 பேர் அப்படிப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னை மாகாணத்து ஆட்கள். நம் பாட்டன் பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கிய அதே காலம், அதே பஞ்சம், அதே கைநாட்டு.

அந்தக் கைநாட்டுக்கு என்ன பொருள்? ஐந்து வருஷம் ஒரே துரையிடம் வேலை. முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். சீட்டில்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் நின்றுவிட்டால் முதலாளி சிவில் கோர்ட்டில் நஷ்டஈடுதான் கேட்க முடியும். ஒப்பந்தக் கூலி நின்றால் அது கிரிமினல் குற்றம், ஜெயில். கூலிகளின் குறை கேட்கப் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி இருந்தார். ஆனால் அவர் டவுனில். தோட்டமோ பல மைலுக்கு அப்பால். அடித்த துரையிடமே சீட்டு வாங்கிக்கொண்டு போய்த் துரை மேல் புகார் கொடுக்க வேண்டும். எப்படி இருக்கிறது பாருங்கள்! சட்டம் இருந்தது. அதை எட்டிப் பிடிக்க வழி இல்லை.

1894-ல் காந்தி ஊர் திரும்ப இருந்த நேரம். இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்க மசோதா வருகிறது என்று பத்திரிகையில் பார்த்தார். வியாபாரிகள் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள். லண்டனில் இருந்த குடியேற்ற நாட்டு மந்திரிக்கு ஒரு பெரிய மனு தயாரானது. இரண்டு வாரத்தில் 10,000 கையெழுத்து. தொண்டர்கள் கையிலே தாளோடு உள்ளூர்ப் பகுதிகளுக்கெல்லாம் போனார்கள். அதில் காந்தி ஒரு கட்டளை போட்டிருந்தார். மனுவில் என்ன இருக்கிறது என்று முழுக்க விளக்கிச் சொல்லி, கேட்டவருக்குப் புரிந்த பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். வெள்ளைத் தாளில் பெருவிரலை அமுக்கி வாங்கியே பழக்கப்பட்ட நாட்டில் அது புதுமை. நம்மில் எத்தனை பேர் படித்துக் காட்டச் சொல்லாமலே எத்தனை பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்? எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கும்.

அதே ஆண்டு நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிவு கேட்டார். வெள்ளை வக்கீல்கள் சங்கம் எதிர்த்தது. தலைமை நீதிபதி எதிர்ப்பைத் தள்ளிவிட்டார். ஆனால் கோர்ட்டுக்குள் தலைப்பாகையை எடுக்க வேண்டும் என்றார். முந்தின வருஷம் டர்பன் கோர்ட்டில் இதே தலைப்பாகைக்காக எழுந்து வெளியே போனவர், இந்தத் தடவை கழற்றினார். நண்பர்களுக்கு வருத்தம். இதைவிடப் பெரிய சண்டைகள் இருக்கின்றன என்பது அவர் கணக்கு.

தொழில் ஆரம்பித்து மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருக்கும். ஒருநாள் அவர் ஆபீசுக்கு ஒரு தமிழர் வந்தார். துணி கிழிந்திருந்தது. முன்பல் இரண்டு உடைந்து வாயிலிருந்து ரத்தம். உடம்பு நடுங்கியது. அவருடைய தலைத்துணி தலையில் இல்லை, கையில் இருந்தது. பெயர் பாலசுந்தரம். டர்பனில் பேர்போன ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தக் கூலி. எஜமானன் கோபத்தில் அடித்த அடி.

காந்திக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் ஒரு தமிழ்க் குமாஸ்தா இருந்தார். அவர் கேட்டுக் கேட்டுச் சொல்லித்தான் விவரம் விளங்கிற்று. இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் குமாஸ்தா மட்டும் அங்கே இல்லாவிட்டால் லண்டனில் படித்த பாரிஸ்டர் இருந்தும் பாலசுந்தரத்துக்கு என்ன பிரயோஜனம்? பெரிய வக்கீல் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. மொழிபெயர்த்தவர்கள் வெறும் குமாஸ்தா என்றே நின்றுவிடுகிறார்கள்.

தலைத்துணி கையில் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒப்பந்தக் கூலி எந்த வெள்ளைக்காரன் முன்னாலும் தலையில் துணியோடு நிற்கக் கூடாது. இரண்டு கையாலும் கும்பிடுவது போதாது. வக்கீல் துரை முன்னாலும் அதே மரியாதை என்று பாலசுந்தரம் நினைத்துவிட்டார். காந்தி அவரைத் துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தயங்கித் தயங்கிக் கட்டினாராம். கட்டி முடித்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் காந்தி தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். கோர்ட்டில் தம் தலைப்பாகையை எடுத்தவர், கூலிக்காரன் தலையில் அதை ஏற்றினார்.

அடுத்து அவர் செய்ததுதான் ஒவ்வொரு தோட்டத்து வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது. எஜமானனிடம் போய்ச் சண்டை போடவில்லை. பத்திரிகைக்கு ஓடவில்லை. முதலில் டாக்டர். வெள்ளைக்கார டாக்டர்தான் அப்போது அங்கே. காயம் எப்படிப்பட்டது என்று எழுத்தில் சர்ட்டிபிகேட் வாங்கினார். ரத்தம் காய்வதற்குள் ஆளை நேரே மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். பிரமாண வாக்குமூலம் பதிவாயிற்று. மாஜிஸ்திரேட்டுக்கே கோபம் வந்து எஜமானனுக்குச் சம்மன் அனுப்பினார்.

எஜமானனை ஜெயிலுக்கு அனுப்புவது காந்தியின் எண்ணமல்ல. அவனிடமிருந்து பாலசுந்தரத்தைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டு வழி. ஒன்று, பாதுகாவலர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், அல்லது வேறொருவர் பேருக்கு மாற்றலாம். இன்னொன்று, எஜமானனே விட்டுக்கொடுக்கலாம். காந்தி எஜமானனைப் போய்ப் பார்த்தார். கேஸ் நடந்தால் தண்டனை நிச்சயம் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. மாற்றிக் கொடுக்கச் சம்மதித்தான். ஆனால் புது எஜமானனும் வெள்ளைக்காரனாகத்தான் இருக்க வேண்டும். இந்தியர் ஒப்பந்தக் கூலி வைத்துக்கொள்ள அனுமதி கிடையாது. தமக்குத் தெரிந்த ஒரு நல்ல ஆங்கிலேயரைப் பிடித்துச் சம்மதிக்க வைத்தார். மாஜிஸ்திரேட் அடித்தவனைக் குற்றவாளி என்று தீர்ப்பெழுதி, ஒப்பந்தத்தை மாற்ற ஒப்புக்கொண்டதையும் பதிவு செய்தார்.

பாலசுந்தரத்துக்கு விடுதலை கிடைக்கவில்லை. வேறு எஜமானன் கிடைத்தான். அன்றைய சட்டத்தில் அதுதான் உச்சவரம்பு. ஆனாலும் ஒரு கூலிக்காரன் வழக்குப் போட்டு, வெள்ளை எஜமானன் குற்றவாளி என்று எழுதப்பட்ட சேதி லயத்துக்கு லயம் பரவியது. அதன் பிறகு காந்தியின் ஆபீஸ் வாசலில் ஒப்பந்தக் கூலிகள் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் சொன்ன சுகதுக்கத்திலிருந்துதான் அவர் தோட்டத்தை அறிந்தார். 1896-ல் அவர் சென்னைக்கு வந்தபோது பாலசுந்தரத்தின் கதை அவருக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது. கூட்டத்துக்குத் திரண்டார்கள். அவர் அச்சிட்ட சிறு பிரசுரத்துக்கு அவ்வளவு கிராக்கி. மறுபதிப்பு 10,000 பிரதி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் காந்தி வியாபாரிகளின் வக்கீல்தான். சுமார் இருபது வியாபாரிகள் ஒரு வருஷ வக்கீல் கூலியை முன்கூட்டியே கொடுத்துத்தான் அவரை நிறுத்தினார்கள். 1894-ல் அவர் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரசுக்குச் சந்தா வருஷத்துக்கு 3 பவுன். கரும்பு வெட்டுகிறவன் எப்படிக் கட்டுவான்? அவனை உள்ளே கொண்டுவராமல் நாம் யாருக்குப் பிரதிநிதி என்ற கேள்வியை அவருக்கு உண்டாக்கியது பாலசுந்தரம்தான். அந்த மண்ணின் சொந்த ஆப்பிரிக்க மக்களைப் பற்றி இளவயதில் அவர் எழுதியவற்றில் நமக்கு ஒப்பாத சொற்களும் உண்டு. பெரிய மனிதர் என்பதற்காக அதை மூடி வைக்க வேண்டியதில்லை.

1895-ல் ஓர் அநியாய வரி வந்தது. ஒப்பந்தம் முடிந்தவன் மறுபடி கைநாட்டு வைக்க வேண்டும், அல்லது இந்தியாவுக்குத் திரும்ப வேண்டும். இரண்டும் இல்லையென்றால் ஆளுக்கு வருஷம் 3 பவுன் கட்ட வேண்டும். 16 வயது தாண்டிய பையனுக்கும் 13 வயது தாண்டிய பெண்ணுக்கும் இதே வரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். புருஷன், பெண்சாதி, ஒரு மகன், ஒரு மகள். 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். புருஷனுக்கு மாதம் 14 ஷில்லிங் கிடைத்தால் வருஷத்துக்கு 168. வரி சம்பளத்தைவிடப் பெரிது! திரும்பக் கைநாட்டு வை என்பதைத்தான் வரி என்ற பெயரில் சொன்னார்கள்.

எல்லாத் தோட்டத்துக்கும் ஒரு வக்கீல் போக முடியாது. 1903-ல் டர்பனில் இந்தியன் ஒப்பீனியன் என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் நான்கிலும் வந்தது. எந்தச் சட்டம் வருகிறது, என்ன பாரம் நிரப்ப வேண்டும், எதற்குக் கையெழுத்துப் போடக்கூடாது என்று எழுதினார்கள். காந்தி தம் சம்பாத்தியத்தையெல்லாம் அதில் கொட்டினார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும், சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்கலாம். இந்தப் பக்கத்தையும் அப்படி வாசித்துக் காட்டுகிற பிள்ளைகள் பல லயங்களில் இருந்ததை நாம் அறிவோம். ஆனால் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் மூன்று வருஷத்துக்குள் நின்றுபோயின. எழுதவும் அச்சுக் கோக்கவும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை. யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் பாஷைதான் முதலில் நின்றது. கப்பலிலும் ஜெயிலிலும் புத்தகத்தை வைத்துக்கொண்டு காந்தி தாமே தமிழ் படித்தார். சரளமாகப் பேச வரவில்லை.

ஜோகன்னஸ்பர்கில் ஏழை இந்தியர்கள் குடியிருந்த பேட்டையை நகராட்சி எடுத்துக்கொண்டபோது நஷ்டஈட்டு வழக்குகள் அவரிடம் வந்தன. சுமார் 70 வழக்கு. ஒன்றில்தான் தோற்றார். கட்சிக்காரர்களில் நிறையப் பேர் முன்பு கூலியாக வந்தவர்கள். தமிழர், தெலுங்கர், வடநாட்டார். ஜெயித்தாலும் தோற்றாலும் கேசுக்குப் பத்து பவுன் என்று பேசிக்கொண்டார். அதிலும் பாதியை ஏழைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட ஒதுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அவர்கள் அவரை ஐயா என்றோ துரை என்றோ கூப்பிடவில்லை. பாயி, அதாவது அண்ணன் என்று கூப்பிட்டார்கள்.

மனுவும் கோர்ட்டும் ஓர் எல்லைவரைதான். 3 பவுன் வரி பதினெட்டு வருஷம் நீங்காமல் கிடந்தது. 1913-ல் டிரான்ஸ்வாலிலிருந்து பெண்கள், அநேகமாக எல்லாரும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்த் தொழிலாளிகளிடம் இந்த வரியைப் பற்றிப் பேசினார்கள். சுரங்கத்தில் வேலை நின்றது. நவம்பர் 6-ல் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோடு காந்தி எல்லை தாண்டி நடந்தார். கடற்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் பற்றிக்கொண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜெயிலுக்குப் போய்வந்த பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ல் காய்ச்சலில் இறந்தாள். அந்த வருஷம் ஜூலையில் வரி ஒழிந்தது. அவரும் அந்த நாட்டைவிட்டுக் கிளம்பினார்.

இந்தியாவுக்கு வந்த பிறகு 1917-ல் பீகாரின் சம்பாரண். அங்கே அவுரித் தோட்டத் துரைகள். குடியானவன் தன் நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் துரைக்காகக் கட்டாயம் அவுரி போட வேண்டும். ராஜேந்திர பிரசாத் உள்ளிட்ட வக்கீல்கள் உதவிக்கு வந்தார்கள். அங்கே வக்கீல்கள் வாங்கிய பீஸைக் கேட்டுக் காந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தச் சொன்னார். உங்கள் சட்ட ஞானம் வேண்டாம், உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள், மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், அது போதும் என்பது அவர் வேண்டுகோள். கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தவர்களின் வாக்குமூலத்தை ஒவ்வொன்றாக எழுதினார்கள். குறுக்குக் கேள்வி கேட்டு, நிற்காததைத் தள்ளினார்கள். பக்கத்திலேயே ரகசியப் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அரசாங்கம் விசாரணைக் குழு போட்டது. 1918-ல் சட்டம் வந்து அந்த முறை ஒழிந்தது. பாலசுந்தரத்தின் ஒரு வாக்குமூலம் டர்பனில் செய்ததைத்தான் இங்கே ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் செய்தன.

1922-ல் ராஜத்துரோக வழக்கில் காந்தி சிறை போனதும், லண்டனில் அவர் படித்த இன்னர் டெம்பிள் அவர் பெயரைப் பாரிஸ்டர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டது. 1948 ஜனவரி 30-ல் சுடப்பட்டு இறந்தபோதும் அவர் அந்தப் பட்டியலில் இல்லை. 1988-ல்தான் திரும்பச் சேர்த்தார்கள்.

இதையெல்லாம் ஃபேரர் பார்க்கில் அந்தத் தம்பிக்கு நாம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. பாலசுந்தரத்தின் கதையை மட்டும் சொன்னோம். கேட்டுக்கொண்டிருந்தவர், கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, டாக்டர் சீட்டு இருக்குதுங்க என்றார். பிளாஸ்டிக் பையில் மடித்து, பர்ஸுக்குள் வைத்திருந்தார். வேலையிடத்தில் இயந்திரத்தில் விரல் மாட்டி இரண்டு மாதம் ஆயிற்றாம். முதலில் ஊருக்குப் போய்விட்டு வா, பிறகு பார்க்கலாம் என்று கம்பெனியில் சொல்கிறார்களாம். சிங்கப்பூர்ச் சட்டப்படி வேலைக் காயத்துக்கு நஷ்டஈடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. மனிதவள அமைச்சில் கேட்க வேண்டும். அதை அவருக்குச் சொல்லி, பக்கத்திலே கஃப் ரோட்டில் 2008 முதல் இப்படிப்பட்டவர்களுக்கு இலவசச் சாப்பாடு போட்டு வழியும் சொல்லத் தொடங்கிய தொண்டர்களைப் பற்றியும் சொன்னோம். நம் மலேசியத் தோட்டங்களில் என்றால் தொழிலாளர் இலாகாவில் சம்பளப் புகார் கொடுக்க வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.

அவர் சீட்டை ஒரு தடவை விரித்துப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவருக்குப் படித்துச் சொல்லியிருக்கவில்லை. வாசலிலேயே நின்றபடி, வரி வரியாகத் தமிழில் சொன்னோம்.